பாரமானியின் முள்ளும் குறிப்பேடும்

பாரமானி புயலை முன்கூட்டியே உரைக்கும் என்பது பொதுமக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். பழைய மாளிகைகளின் சுவர்களிலும் கப்பல் தலைவர்களின் அறைகளிலும் தொங்கிய வட்டப் பாரமானிகளின் முகப்பில் "புயல்", "மழை", "மாறுதல்", "தெளிவு" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தமை இந்நம்பிக்கைக்கு வலுவூட்டிற்று. இக்காலத்தில் கைப்பேசிகள் பலவற்றிலும் காற்றழுத்தத்தை அளக்கும் நுண்கருவி அமைந்துள்ளது. ஆயினும், தனித்து நிற்கும் ஓர் எண்ணைக் கொண்டு நாளைய வானிலையைக் கூறிவிட இயலாது. பாரமானியின் முள்ளைவிட, நாள்தோறும் குறித்த வேளையில் தவறாது எழுதப்படும் அதன் குறிப்பேடே மக்களின் உயிரைக் காக்க வல்லது.

கருவியின் தத்துவம் எளிது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் அது ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவுக்கு அழுத்துகின்றது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், குழாயில் 760 மில்லிமீட்டர் உயரம் வரை பாதரசம் நிற்பதற்குக் காரணம் வெளிக்காற்றின் இவ்வழுத்தமே. 1643-ஆம் ஆண்டில் இத்தாலியில் டாரிசெல்லி வகுத்த இச்சோதனையே பாரமானியின் தோற்றமாகும். பின்னர், 1844-இல் பிரான்சில் விடி என்பவர், காற்று நீக்கிய உலோகப் பெட்டி அழுத்தத்திற்கேற்பச் சுருங்கி விரிவதைக் கொண்டு, திரவம் இல்லாப் பாரமானியை அமைத்தார். வட்ட முகப்பும் முள்ளும் உடைய கருவி அதுவே. கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். முன்னாளில் மில்லிபார் என்று வழங்கியதும் இதே அளவுதான்.

இனி, தனி எண் எவ்வாறு ஏமாற்றும் என்பதைக் காண்போம். தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல, ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறைகின்றது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில், வானம் தெளிந்த நாளிலும் பாரமானி 910-ஐ ஒட்டியே காட்டும். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலின் மையத்தில் கடல் மட்ட அழுத்தம் 912 என்று மதிப்பிடப்பட்டது. ஓரிடத்தில் அமைதியைக் குறிக்கும் எண் மற்றோரிடத்தில் பேரழிவைக் குறிக்கின்றது. எனவே, இடத்தின் உயரத்தை அறிந்து கடல் மட்டத்திற்குத் திருத்தாத அளவு, ஒப்பிடுவதற்கு உதவாது.

இடத்தைப் போலவே காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. வெப்ப மண்டலத்தில் அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகின்றது. காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் சில ஹெக்டோபாஸ்கல் தாழ்வது இயல்பு. பருவத்தின் மாறுதலும் உண்டு. வறண்ட வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில் வட இந்தியச் சமவெளியில் கடல் மட்ட அழுத்தம் 1000-ஐ ஒட்டி நிற்கும். குளிர்ந்த ஜனவரியில் 1015-ஐக் கடந்துவிடும். ஐரோப்பிய வானிலைக்கெனப் பொறித்த சொற்கள் இந்நாட்டிற்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம். வெப்பக் கடல்களில் செல்லும் மாலுமிகள் கைக்கொள்ளும் விதி வேறு. அன்றாட ஏற்ற இறக்கத்தை நீக்கிய பின்னர், அப்பருவத்தின் சராசரியினும் மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஐயம் கொள்ள வேண்டும். ஐந்து குறைந்தால் புயல் அண்மையில் உள்ளதென்று கொள்ள வேண்டும். ஆனால் சராசரி இன்னதென்று அறிய வேண்டுமாயின், பல ஆண்டுகளின் குறிப்பேடு கையில் இருத்தல் இன்றியமையாதது.

இந்தியா இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. பல இடங்களில் தனித்தனியே நடைபெற்று வந்த வானிலைப் பணியை ஒருங்கிணைக்க, 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. பல ஊர்களில் ஒரே வேளையில் எடுத்த அளவுகளைப் படத்தில் குறித்து, சம அழுத்தமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், தாழ்வழுத்தத்தின் நடுவிடம் எங்கே, அது எத்திசை நோக்கி நகர்கின்றது என்பன புலனாகும். ஒரு பாரமானியால் கூற இயலாததை நூறு பாரமானிகள் கூடிக் கூறுகின்றன.

1885-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-இல் ஒடிசாக் கரையிலுள்ள ஃபால்ஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கத்தின் மீது கடும்புயல் வீசியபோது, அங்கிருந்த பாரமானியில் பாதரசம் சுமார் 689 மில்லிமீட்டருக்குத் தாழ்ந்தது. 919 ஹெக்டோபாஸ்கலாகிய அவ்வளவு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆராய்ச்சியாளர்களால் எடுத்தாளப்படுகின்றது. புயலின் நடுவிலும் கருவியைப் பார்த்து எழுதி வைத்த கடமையுணர்ச்சியே அதனை நமக்கு அளித்தது.

வானில் செயற்கைக்கோள்கள் உலவும் இந்நாளில் பாரமானி எதற்கு என்று சிலர் வினவலாம். செயற்கைக்கோள் மேகங்களின் உருவத்தைக் காட்டுகின்றது; அவ்வுருவத்திலிருந்து மைய அழுத்தத்தை மதிப்பிடவே இயலும். அம்மதிப்பீடு சரியா என்பதைச் சோதிக்க, புயல் கடக்கும் நிலத்தில் ஒரு கருவி உண்மையாகவே அளந்திருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் கோபால்பூர் அருகே ஃபைலின் புயல் கரை கடந்தபோது, முன்னறிவிப்பை ஏற்று இலட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டதனால் உயிரிழப்பு நூற்றுக்கும் குறைந்தது. செயற்கைக்கோள், ராடார், தரைநிலையம், செய்தியைச் சேர்ப்போர், தங்குமிடம் அமைப்போர் ஆகிய யாவும் யாவரும் இணைந்தமையின் பயன் இது.

பாதரசம் நஞ்சாதலால், மினமாட்டா ஒப்பந்தத்தின்படி பாதரசப் பாரமானிகள் வழக்கொழிந்து வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் புதிய மின்னணுக் கருவிகளும் நாளடைவில் பிழைபடக் கூடியவை. அவற்றைத் தரமான கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தாவிடில், பிழையான எண்களே விரைவாக வந்து குவியும். கருவி வாங்கச் செலவிடும் அக்கறை, அதனைச் சோதிக்கும் பணியாளரிடத்தும் செலுத்தப்படல் வேண்டும்.

கடற்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பாரமானியை வைத்து, வானிலை நிலையங்களைப் போலவே காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் மாணவர் அதனைப் பார்த்து எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். அதற்கு ஆகும் பொருட்செலவு சிறிது. துறையினர் விடுக்கும் எச்சரிக்கைக்கு அது ஈடாகாது. ஆயினும், ஐந்து ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சியின் பொருளைத் தம் கையால் எழுதி அறிந்த பிள்ளைகள் உள்ள ஊர், எச்சரிக்கை வரும்போது அதனை அலட்சியம் செய்யாது.