சிக்கியவன் யாரைக் கேட்பான்?

"கைபேசியில் விளையாடி வாலிபர்கள் கெட்டுப் போகிறார்கள்" என்று அம்பத்தூர்த் தெருமுனைக் கூட்டங்களில் நாமும் பேசியிருக்கிறோம், கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். பெரியவர்கள் தலையாட்டுவார்கள். எதிரே டீக்கடைப் பெஞ்சில் இருக்கும் வாலிபர்களோ கைபேசியிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். அந்தப் பேச்சில் பாதியை இன்று வாபஸ் வாங்கிக் கொள்கிறோம். எந்தப் பாதி, ஏன் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை நமது சங்கக் காரியாலய வாசலில் ஒரு வாலிபர் வந்து நின்றார். வயது 22. ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்தவர். பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறையில் இன்னும் ஆறு பேரோடு வாசம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"கொடியைப் பார்த்துட்டு வந்தேன் சார். இ.எஸ்.ஐ.ன்னா என்னன்னு கேக்கணும்" என்றார்.

விரல் நுனி பிரஸ்ஸில் நசுங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. காண்ட்ராக்டர் ஒரு தனியார் கிளினிக்கில் தையல் போட வைத்து, கையில் 2,000 ரூபாயைக் கொடுத்து, "ஆறினதும் வா" என்று அனுப்பியிருக்கிறார். விபத்து அறிக்கை கிடையாது. இன்ஷூரன்ஸ் எண்ணை அவருக்கு யாரும் சொன்னதும் கிடையாது. ஆனால் கூலியில் பிடித்தம் மட்டும் மாதம் தவறாமல் நடந்து வந்திருக்கிறது! நூறு ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளியின் பங்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். பணம் கட்டியவருக்கே தாம் கட்டியது தெரியாது. வேலையில் காயம்பட்டவருக்கு அவர் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கெல்லாம் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்க வேண்டும். விரலுக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் மருத்துவ போர்டு சதவீதம் கணித்து அதற்குத் தனியாகத் தொகை வர வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது அவர் நம்மை நம்பாதவர் போலப் பார்த்தார்.

"இங்கே வரச் சொன்னது யார்?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கினார்.

"சொன்னா சிரிப்பீங்க. கேம்ல ஒரு அண்ணன். திருப்பூர்ல இருக்காரு. நேர்ல பார்த்ததில்ல."

சிரித்துத்தான் விட்டோம். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறோம்.

பிறகு அவரையே உட்கார வைத்து, அது என்ன விளையாட்டு என்று ஒரு மணி நேரம் பாடம் கேட்டோம். பெயர் 'க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ்'. பின்லாந்து தேசத்து சூப்பர்செல் கம்பெனி 2012ல் வெளியிட்டது. ஆளுக்கொரு ஊர், ஊருக்கு மதில், பீரங்கி, தங்கச் சுரங்கம். படையில் வில்லாளிகள், மந்திரவாதிகள், நெருப்புக் கக்கும் டிராகன்கள். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. விசேஷம் வேறிடத்தில் இருக்கிறது. ஐம்பது பேர் வரை சேர்ந்து ஒரு 'க்ளான்' அமைக்கலாம். வேறு சில விளையாட்டுகளில் இதையே 'கில்டு' என்கிறார்கள். நம் பாஷையில் சங்கம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

க்ளானும் க்ளானும் மோதும் போரில் ஆளுக்கு இரண்டே தாக்குதல். எதிரியின் ஊரை முழுக்க வீழ்த்தினால் மூன்று நட்சத்திரம். நம் வாலிபர் மூன்று வாரம் ஒரே மாதிரியான ஊரில் சிக்கிக்கொண்டார். படையை எப்படி இறக்கினாலும் அது நடுவே நுழையாமல் மதிலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிற்றாம். கடைசியில் க்ளானின் பேச்சுப் பகுதியில், "இங்கயே நிக்கிறேன், யாராவது சொல்லுங்கப்பா" என்று எழுதினார். பத்து நிமிஷத்தில் பதில். தாக்குதல் நடந்த காட்சியை அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அதை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒருவர், "முதலில் இரண்டு பக்கத்துக் கட்டடங்களையும் சிறு படையால் சுத்தம் பண்ணு, அப்புறம் பெரிய படையை நடுவில் இறக்கு. சுற்றிப் போக வழி இல்லாவிட்டால் அது உள்ளேதான் போகும்" என்றார். இன்னொருவர் தம் ஊரையே அதே அமைப்பில் மாற்றி வைத்து, "இதைத் தாக்கிப் பழகு" என்றார். அப்படிப் பழகினால் இரு தரப்புக்கும் நஷ்டம் இல்லை. நாலு தரம் தோற்றார். ஐந்தாம் தரம் ஜெயித்தார். மூன்றாமவர் தம் படையிலிருந்து சில டிராகன்களை இவருடைய கோட்டைக்குத் தானமாக அனுப்பினார். இந்தத் தானத்தைக் கேட்பதற்கென்றே விளையாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது.

கேட்டவருக்கு அவமானமில்லை. சொன்னவர் கூலி வாங்கவில்லை. சொன்னவரும் போன வருஷம் அதே மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடியவர்தான்.

விரல் நசுங்கிய பிறகு நடந்ததும் இந்த வழியில்தான். "அடுத்த போர்ல என்னைச் சேர்க்காதீங்க" என்று எழுதினார். "ஏன்?" என்று கேட்டார்கள். சொன்னார். உடனே திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர், "மாசா மாசம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறானா பாரு, உன் ஏரியாவுல சங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு தேடு" என்று எழுதியிருக்கிறார்.

ஒன்பது நாள் இவர் தம் ஷெட்டில் ஒருவரையும் கேட்கவில்லை! இதுதான் நம்மைத் தைத்தது. அந்த ஷெட்டில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மூன்று காண்ட்ராக்டர்களின் ஆட்கள். இன்று பக்கத்து மெஷினில் நிற்பவர் அடுத்த மாதம் நிற்பாரா என்பது நிச்சயமில்லை. ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு ஒரியா, ஒருவருக்கு ஹிந்தி. சூப்பர்வைசரிடம் "இது எப்படி?" என்று கேட்டால் "வேலை தெரியாதவன்" என்று பெயர். பெயர் விழுந்தால் மறுநாள் கேட்டில் கார்டு செல்லாது. ஆகவே தெரியாததைத் தெரிந்தது போல நடிப்பதே அங்கே பிழைக்கும் வழி. அந்த நடிப்பிலும் சில விரல்கள் போகின்றன. 1955ல் ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி 'சோஷலிஸ மாதிரி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் நாலு ஸ்டேஷன் தூரம்தான். தீர்மானம் இன்னும் ரயிலில் வந்து கொண்டிருக்கிறது போலும்!

காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனபோது அவர் ஒரு வாதம் சொன்னார்: "ராத்திரி பூரா கேம் ஆடிட்டு வந்து மெஷின்ல தூங்கி விழுந்தா நாங்க என்ன பண்றது?" நமது பழைய தெருமுனைப் பேச்சையே அவர் திருப்பிச் சொன்னதைக் கேட்கச் சங்கடமாயிருந்தது. வாலிபரை விசாரித்தோம். விபத்து நடந்த அன்று அவர் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பதினாறாவது மணி நேரத்தில் நின்றிருக்கிறார். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் இறங்க வேண்டிய பிரஸ் அது. கை உள்ளே போகாதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. உற்பத்தி வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை ஒயர் வைத்துக் கட்டிவிட்டார்கள். தூக்கத்தைக் கெடுத்தது டிராகனா, டபுள் ஷிப்டா? ஒயர் கட்டியது எந்த மந்திரவாதி?

இந்த விளையாட்டைப் புனிதமாக்க நாம் வரவில்லை. சூப்பர்செல் தர்ம ஸ்தாபனம் அல்ல. 2016ல் சீன தேசத்து டென்சென்ட் தலைமையிலான கூட்டு அதன் 84 சதவீதப் பங்குகளைச் சுமார் 860 கோடி டாலருக்கு வாங்கியது. ஆட்டம் இலவசம், பிறகு எங்கிருந்து பணம்? சிக்கிக்கொண்டவனிடமிருந்துதான். ஒரு கட்டடத்தை உயர்த்தப் பல நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாவிட்டால் 'ஜெம்' என்ற கல்லைக் காசு கொடுத்து வாங்கிச் செலவழிக்கலாம். அதாவது பொறுமையின்மைதான் இங்கே சரக்கு. நம் வாலிபர் ஒரு தீபாவளிக்கு 800 ரூபாய்க்குக் கல் வாங்கியதை ஒப்புக்கொண்டார். அம்மாவுக்குத் தெரியாதாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊரைக் கட்டுகிற தொழிலாளிகள் இரவு பகலாகச் சுத்தியல் அடிக்கிறார்கள். கூலி என்று ஒன்று கிடையாது. 2017ல் அந்தக் கட்டடத் தொழிலாளி வேலையை விட்டு வெளியேறிவிட்டதாகக் கம்பெனியே விளம்பரம் செய்தது. கடைசியில் அவரைக் கொண்டுபோய் இன்னொரு கிராமம் கட்ட வைத்தார்கள்!

ரம்மியைப் போன்ற பணச் சூதாட்டத்தோடு இதைக் குழப்பக் கூடாது என்பதையும் சொல்லி விடுகிறோம். ரம்மியில் உதவி கேட்க யாருமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் பணத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பண ஆட்டங்களைத் தடுத்து, பணயமில்லாத விளையாட்டுகளை விட்டுவைத்தது. அந்த வித்தியாசத்தை நம் பேச்சாளர்களும் கற்றுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுச் செய்திகள் இரண்டு. நார்வே தேசத்தில் மாட்ஸ் ஸ்டீன் என்ற வாலிபர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் முடங்கி, 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற மாய உலக விளையாட்டிலேயே காலம் கழித்தார். 2014ல் 25 வயதில் மரணமடைந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் போய்விட்டான் என்று பெற்றோர் அழுதார்கள். மரணச் செய்தியை வெளியிட்டதும் பல தேசங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவருடைய கில்டு தோழர்கள் சிலர் சவ அடக்கத்துக்கே வந்து நின்றார்கள். எத்தனை பேருக்கு அவர் ஆறுதல் சொல்லிக் கைகொடுத்தார் என்பது அப்போதுதான் பெற்ற தகப்பனுக்குத் தெரிந்தது. 2024ல் இதை ஆவணப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள்.

மற்றொன்று அதே விளையாட்டைச் செய்கிறவர்களைப் பற்றியது. அதை 2004ல் வெளியிட்ட ப்ளிஸார்டை, அதன் தாய்க் கம்பெனியோடு சேர்த்து, 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய 6,900 கோடி டாலருக்கு விழுங்கியது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், விளையாட்டுப் பிரிவுகளில் 1,900 பேருக்கு வேலை போயிற்று. அவ்வருஷம் ஜூலையில் அந்த விளையாட்டை உருவாக்கும் 500க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'கேம் மேக்கர்ஸ் கில்டு'. ஆட்டத்துக்குள்ளே கில்டு தொடங்க ஒரு பத்திரம் வாங்கி, சக ஆட்டக்காரர்களிடம் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒன்பது பேரின் கையெழுத்து தேவைப்பட்டது; பிற்பாடு நாலு போதும் என்றாயிற்று. இருபது வருஷம் அடுத்தவர்களுக்கு இந்தப் பத்திரத்தைத் தயாரித்துக் கொடுத்தவர்கள், ஒரு நாள் தங்களுக்கும் ஒன்று தயாரித்துக்கொண்டார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேலே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024ல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, சங்கத்தின் பதிவு கைக்கு வரும்போது 2025 ஜனவரி கடைசியாகிவிட்டது. ஆட்டத்தில் பத்திரம் எழுதுவது சுலபம்தான்.

க்ளானிலும் குறையுண்டு. தலைவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானில் ஆளை வெளியேற்றலாம்; ஏனென்று கேட்க முடியாது. யார் எவ்வளவு படை தானம் செய்தார் என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் முகம் சுளிப்பார்கள். திருப்பூர் அண்ணன் எவ்வளவு நல்லவரானாலும், டிஸ்பென்சரி வரிசையில் இந்த வாலிபரோடு நிற்க அவரால் வர முடியாது. அந்த வரிசையில் நாம் நின்றோம், மூன்று நாள். விபத்து அறிக்கை இப்போது பதிவாகியிருக்கிறது. காண்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, மூல முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். போர்டு விரலை இன்னும் பார்க்கவில்லை. ஒயர் மட்டும் அவிழ்க்கப்பட்டுவிட்டது.

நமது காரியாலயத்துக்குக் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. யாராவது கேள்வி கேட்டு வந்தால் முதலில் சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தேடுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. படிவம் பூர்த்தி செய்யத் தெரியாதவரிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று நாமே சொன்ன நாட்களும் உண்டு. சூப்பர்வைசர் சொல்வதும் அதுதானே.

வாலிபர் தம் ஷெட்டில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார். 11 பேர், நாலு பேர் ஒடிசாக்காரர்கள், அவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை அறைத்தோழர் ஒருவர் தமிழில் சொல்கிறார். குழுவின் விதி ஒன்றே: யார் கேட்டாலும் சிரிக்கக் கூடாது. முதல் கேள்வி, பி.எஃப். எண்ணை எங்கே பார்ப்பது என்பது. இரண்டாவது, பிரஸ் சத்தத்தில் காது மந்தமானால் யாரிடம் சொல்வது என்பது. இதற்கு நமக்கே உடனே பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாக எழுதினோம்.

பதினொரு பேரையும் நேரில் சந்திக்க ஞாயிறு இரவு 8 மணிக்குக் கூட்டம் வைத்தோம். "தோழர், எட்டரைக்குத்தான் போர் முடியுது, எனக்கு இன்னும் ஒரு தாக்குதல் பாக்கி" என்று தயக்கத்தோடு சொன்னார். கூட்டத்தை 9 மணிக்கு மாற்றியிருக்கிறோம்.