தகரத்தில் ஒரு பூச்செடி

சொந்தக் காணியில் ஆயிரம் கன்று மிளகாய் நட்ட கைகள், இன்று நாலடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. "இது எங்கட மண் இல்லை. இன்றோ நாளையோ எழும்பச் சொல்லுவினம். இங்க எதுக்கு நடுவான்?" என்கிறார்கள் பலர். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களிடமும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்றவர்களிடமும் இப்பேச்சைக் கேட்டிருக்கிறோம். இங்கே நட்டால் ஊரைக் கைவிட்டதாகிவிடும் என்ற பயமும் அதற்குள் உண்டு. அப்பயத்தை மதிக்கிறோம், ஆனால் அதற்கு உடன்பட எம்மால் முடியவில்லை.

வயிற்றுக்கே வழியில்லாத இடத்தில் பூ எதற்கு என்றும் கேட்கலாம். கீரைக்கும் கத்தரிக்கும்தான் முதலிடம். ஆனால் பூவும் உணவும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. கொரியாவில் பலூன் பூ என்றொரு செடி உண்டு. மொட்டு ஊதிய பலூன் போலிருந்து, ஊதா நிறத்தில் ஐந்து இதழாய் விரியும். அங்குள்ள விவசாயிகள் அதன் வேரைக் கறியாக்கி உண்பதற்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். ஒரு சாண் அளவே வளரும் குட்டை இனங்களும் அதில் உண்டு. எனினும் வெளிநாட்டு உறவினர் அதன் விதையை அனுப்பினால் வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ விதைத்து ஏமாற வேண்டாம். குளிர்காலத்தில் உறங்கி எழும் அச்செடிக்கு நமது வெக்கை ஒத்துவராது. அதன் சதைப்பற்றான ஆழ்வேர் இடம் மாற்றுவதையும் பொறுக்காது. நமக்கு வேண்டியது தூக்கிக்கொண்டு போகக்கூடிய செடி.

குட்டைச் செண்டுப்பூ, அதாவது மேரிகோல்ட், அதற்குப் பொருத்தமானது. கத்தரி, தக்காளி நடமுன்னர் அதே மண்ணில் இரண்டு மாதம் இதை வளர்த்தால், வேரில் முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழுக்கள் குறையும். பூவைத் தேடி வரும் தேனீ பக்கத்துப் பூசணியையும் காய்க்க வைக்கும்.

பழைய எண்ணெய்த் தகரத்தின் அடியில் நாலைந்து துளையிடுங்கள். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு போதும். மார்கழியில் மழை தணியும்போது விதையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை வீசாமல் ஊற்றுங்கள். நல்ல பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுத்து, கடதாசியில் சுற்றி வையுங்கள்.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்கறி விதைப் பொதியோடு ஒரு பிடி பூ விதையும் வையுங்கள். அது ஆடம்பரமல்ல.

எமக்குள்ள பெரிய கவலை வேறு. முகாமில் பிறந்த பிள்ளைகள் மண்ணில் கை வைக்காமலே வளர்ந்துவிட்டால், காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதில் இறங்குவது யார்? அப்பிள்ளையிடம் ஒரு தகரத்தைக் கொடுத்து, "இது உன்ர செடி, நீதான் தண்ணி ஊத்த வேணும்" என்று சொல்லுங்கள். ஊர் திரும்பும்போது தகரமும் விதையும், பழகிய கையும் கூடவே வரும்.