பாடசாலைக்குக் காவலர் யாவர்?

பிள்ளைகள் பயிலும் பாடசாலையைப் பற்றிப் பேசாத வீடு நம்மிடையே இல்லை. ஆசிரியர் போதவில்லை, கூரை ஒழுகுகின்றது, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று குறைகள் பல கூறுவோம். ஆயின் அக்குறைகளைக் கேட்டு நீக்கும் அதிகாரம் யாரிடத்தே இருத்தல் வேண்டும் என்பதை நாம் அதிகம் ஆராய்வதில்லை. கனடாவின் மனிற்றோபா மாகாணத்து மக்கள் 2021 ஆம் ஆண்டில் இதனை ஆராயவேண்டியவர் ஆயினர். அவ்வரலாற்றை இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கனடாவிற் கல்வி மாகாண அரசாங்கத்தின் பொறுப்பு. எனினும் பல மாகாணங்களிற் பாடசாலைகளை நேரில் நடத்துவன, ஊர் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் பாடசாலைச் சபைகளே. அதிகாரிகளை நியமித்தல், வரவு செலவு வகுத்தல், பிள்ளைகளுக்குப் பஸ் ஒழுங்கு செய்தல் ஆகியன அவற்றின் கடமைகள். மனிற்றோபாச் சபைகளுக்கு நில வீடுகளின் மீது கல்வி வரி விதிக்கும் உரிமையும் உண்டு. இச்சபைகள் யாவும் கூடி மாகாணச் சங்கம் ஒன்றை அமைத்துள்ளன. உறுப்புச் சபைகள் கொணரும் பிரேரணைகளை ஆண்டு மகாநாட்டில் வாக்குக்கு விட்டு, நிறைவேறியவற்றை அமைச்சரிடம் எடுத்துரைப்பது அச்சங்கத்தின் வழக்கம்.

2021 மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் 64 ஆம் இலக்க மசோதாவைக் கொண்டுவந்தது. ஆங்கில மொழிச் சபைகள் அனைத்தையும் கலைத்து, மாகாணத்தை 15 பிரதேசங்களாக வகுத்து, அவற்றை அரசாங்கம் நியமிக்கும் ஓர் அதிகார சபையின் கீழ் வைப்பது அதன் நோக்கம். பெற்றோருக்கு ஒவ்வொரு பாடசாலையிலும் ஆலோசனைக் குழு ஒன்று மிஞ்சும்.

அரசாங்கத்தின் கூற்றிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. மனிற்றோபா மாணவர்கள் தேசியச் சோதனைகளிற் பின்தங்கியிருந்தனர். நிருவாகச் செலவைக் குறைத்தால் 4 கோடி டொலர் வகுப்பறைக்குக் கிடைக்கும் என்றனர். சபைத் தேர்தல்களிற் பலர் போட்டியின்றியே தெரிவாவதையும் சுட்டிக்காட்டினர். மக்களே நாடாத தேர்தலை யாருக்காகக் காப்பது என்பது கடினமான கேள்விதான்.

சங்கம் இதற்குச் சினந்து விடை கூறவில்லை. ஊரின் குரலும் ஊரின் தெரிவும் ஊரிலேயே நிற்கட்டும் என்பதையே தன் முழக்கமாக்கிற்று. வடக்கேயுள்ள சிற்றூரின் தேவையை வினிப்பெக் நகரத்து அலுவலகம் எங்ஙனம் அறியும் என்று வினவிற்று. பெருந்தொற்றுக் காலமாதலாற் கூட்டங் கூடுதல் அரிது. எனினும் மசோதா வேண்டாம் என்னும் பலகைகள் வீட்டு முற்றங்கள்தோறும் தோன்றின. ஆசிரியரும் பெற்றோரும் உடன்நின்றனர். சட்டசபையில் எதிர்க்கட்சி தன் உரிமையைப் பயன்படுத்தி மசோதாவை இலையுதிர் காலம் வரை பிற்போடச் செய்தது. அந்த அவகாசமே பேருதவியாயிற்று.

ஆகஸ்டு மாதத்தில் முதலமைச்சர் பிரையன் பலிஸ்டர் பதவி விலகும் முடிவை அறிவித்தார். செப்டெம்பர் 1 ஆந் திகதி பதவியேற்ற கெல்வின் கோட்சன் அன்றே மசோதா கைவிடப்படும் என்றார். முன்னர் கல்வி அமைச்சராயிருந்து, இம்மாற்றங்களுக்கு முன்னோடியான கல்வி ஆய்வைத் தொடக்கியவரும் அவரே என்பது கவனிக்கத்தக்கது.

எல்லா மாகாணத்துக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. நோவா ஸ்கோசியாவில் 2018 சனவரியில் அறிக்கை ஒன்று வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சு முடிவதற்குள் ஏழு ஆங்கில மொழிச் சபைகளும் கலைக்கப்பட்டன. உப்பில்லாவிட்டாற் தெரியும் உப்பின் அருமை என்பர் நம் மூதாட்டியர். இங்கே அருமை தெரிவதற்கு முன்னரே காலங் கடந்துவிட்டது.

இரு மாகாணங்களிலும் பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையோரின் சபையை மட்டும் அரசாங்கம் தீண்டவில்லை. 1982 ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயத்தின் 23 ஆம் பிரிவு அவர்களுக்குத் தம் மொழிப் பாடசாலைகளைத் தாமே நிருவகிக்கும் உரிமையை அளிக்கின்றது. அவர்களுக்கு அரசியலமைப்பு அரணாயிற்று. பெரும்பான்மையோருக்கோ தம் விழிப்பன்றி வேறு அரண் இருக்கவில்லை.

நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ஒன்ராறியோ மாகாணத்துக்கும் இச்செய்தி தூரமானதன்று. 2006 இல் யோர்க் பிரதேசச் சபைக்கு நீதன் சண் தெரிவானார். பின்னர் வேறு தமிழரும் சபைகளில் இடம்பெற்றனர். அதே மாகாணத்தில் 2025 யூன் மாதம், நிதி நிருவாகத்தைக் காரணங்காட்டி, ரொறன்ரோ மாவட்டச் சபையை அரசாங்கம் தான் நியமித்த மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. வாக்குப் பெற்று வந்தோரின் அதிகாரம் அத்துடன் நின்றது.

மனிற்றோபாவிலும் வெற்றி முழுமையானதென்று கூறுவதற்கில்லை. முன்னர் ஒவ்வொரு சபையோடும் தனித்தனியே நடந்த ஆசிரியர் சம்பளப் பேச்சு இப்பொழுது மாகாண முழுமைக்கும் ஒன்றாகிவிட்டது. அதிகாரம் சிறிது சிறிதாகவும் ஊரை விட்டு நீங்கக் கூடும்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது ஒன்று. அடுத்த முறை பாடசாலைக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், வேலை மிகுதி என்று அக்கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். மாணவர்களே, அன்று மாலை பெற்றோரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். வெறுமையாய்க் கிடக்கும் நாற்காலிகளைக் காட்டியே ஒருநாள் அக்கூட்டம் வேண்டாமென்று சொல்லிவிடுவர்.