காக்கையும் பனம்பழமும்

எங்கள் ஆழ்வார்பேட்டைத் தெருவில் ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் அவர் வீட்டு வராந்தாவில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். பேச்சு காப்பியில் ஆரம்பித்துக் குடிதண்ணீர் லாரியில் முடியும். சென்ற வாரம் மட்டும் அப்படி முடியவில்லை.

அடுத்த தெருவிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். தாயின் இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. நாலு வயதுப் பையன் தகப்பனாரின் கையை உதறிவிட்டு வாசற்படிக்குப் போய், அங்கே கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்கத் தொடங்கினான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, பேச்சும் இல்லை. ஆட்டிஸம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"மாமா, ஒன்றரை வயதுவரை இவன் அம்மா, அப்பா, பால் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மைத் தடுப்பூசி போட்டோம். இரண்டு மாதத்தில் அந்த நாலு வார்த்தையும் நின்றுவிட்டன. யார் மேல் வழக்குப் போடலாம், சொல்லுங்கள்" என்று அந்தப் பெண் கேட்டாள். "சின்னவளுக்கு அடுத்த மாதம் அதே ஊசியாம். நான் போடப் போவதில்லை."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் என்று நீ சொல்வது வேறு, கோர்ட்டில் சொல்வது வேறு, அம்மா" என்று ஆரம்பித்தார். "ஒருவன் தெருவில் பள்ளம் தோண்டி மூடாமல் போய்விட்டான். ராத்திரி அதில் விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. பள்ளம் இல்லாவிட்டால் கால் முறிந்திராது. ஆகவே தோண்டினவன் பொறுப்பாளி. சரி, அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவர் வீட்டில் திருடு போயிற்று. பள்ளம் இல்லாவிட்டால் அவர் வீட்டில் இருந்திருப்பார், திருடும் போயிராது. அதற்காகத் திருட்டுக்கும் பள்ளத்துக்காரனே பொறுப்பு என்று எந்த நீதிபதியாவது சொல்வாரா? 'அது இல்லாவிட்டால் இது நேர்ந்திருக்குமா?' என்பது முதல் படி. 'நேர்ந்ததற்கு அவனைப் பொறுப்பாக்குவது நியாயமா?' என்பது இரண்டாவது படி. இரண்டையும் ஏறினால்தான் சட்டம் அதைக் காரணம் என்று ஒப்புக்கொள்ளும். உன் கட்சி முதல் படியையே ஏறாது."

இதற்கு நம் முன்னோர் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: காகதாளீய நியாயம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அம்மை ஊசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. ஆட்டிஸத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணில் படுவதும், சில குழந்தைகளிடம் வந்த பேச்சு மறைந்துபோவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். காக்கை வந்து உட்கார்ந்த நேரமும் பழம் கனிந்து விழும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

காக்கையின் மேல் சந்தேகம் கொண்டவர்கள், காக்கை உட்காராத மரங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அதையும் பார்த்தாகிவிட்டது. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி போட்டவர்களிடம், போடாதவர்களைக் காட்டிலும் ஆட்டிஸம் அதிகமாக இல்லை. ஜப்பானில் அந்தக் கூட்டு ஊசியை 1993-ல் நிறுத்திவிட்டார்கள். யோகஹாமா நகரில் அதன் பிறகும் ஆட்டிஸம் குறையவில்லை. கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போயிற்று.

"அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது?" என்று தகப்பனார் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஒரு வழக்கின் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. 1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 12 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்குத் தொடுக்க முனைந்திருந்த வக்கீல் மூலமாக வேக்ஃபீல்டுக்கு 4 லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது என்பது பின்னால் வெளியாயிற்று. 2010-ல் பத்திரிகை அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதே வருஷம் டாக்டர்கள் ஜாபிதாவிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில், ஊசியால் தீங்கு நேர்ந்தது என்பவர்களுக்காகவே 1986-ம் வருஷத்துச் சட்டப்படி தனி விசாரணை முறை ஏற்பட்டிருக்கிறது. அங்கே கம்பெனியின் கவனக் குறைவை ருசுப்படுத்த வேண்டியதில்லை. தராசுத் தட்டு ஓர் இறகின் கனத்துக்குத் தம் பக்கம் சாய்ந்தாலே போதும். 5,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஆட்டிஸத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு மனுச் செய்தன. மாதிரிக்காக எடுத்துக்கொண்ட 3 வழக்குகளில் 2009 பிப்ரவரி 12-ந் தேதி தீர்ப்பு வந்தது. இறகின் கனம்கூட அந்தச் சாட்சியத்தில் இல்லை என்பதே அதன் சாரம்.

ஆனாலும் வதந்திக்கு மேல் கோர்ட்டு ஏது? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸப்பில் வந்ததை நம்பிச் சிலர் தங்கள் பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. என் வகுப்பிலும் சில பெஞ்சிகள் காலியாக இருந்தன. இத்தனைக்கும், கர்ப்பத்தில் தாக்கும் ரூபெல்லா ஆட்டிஸத்துக்கு ஒரு காரணமாகலாம் என்பதை நியூயார்க் டாக்டர் ஸ்டெல்லா செஸ் 1971-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். குற்றவாளி என்று பிடித்து வைத்திருப்பது, கடைசியில் காவற்காரனை!

அந்தப் பெண் வெகுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அப்படியானால் குற்றம் என் மேல்தானா, மாமா? கர்ப்ப காலத்தில் நான் வேலைக்குப் போனதால்தான் என்கிறார்கள். குழந்தையிடம் போதிய அளவு பேசவில்லை என்கிறார்கள்" என்றாள். அவள் வந்த வழக்கு இதுதான் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்தக் குற்றச்சாட்டும் பழையதுதான். பால்டிமோர் டாக்டர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிஸத்தை விவரித்தார். அவர்களுடைய பெற்றோர்களிடம் வாஞ்சை குறைவு என்றும் குறிப்பிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, தாயின் அன்பு உறைந்து போனதே காரணம் என்று டாக்டர்கள் பல வருஷ காலம் தாய்மார்களைக் கூண்டில் நிறுத்தினார்கள். கடைசியில், 1969-ல், பெற்றோர்கள் கூடியிருந்த ஒரு சபையில் கானரே அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகச் சொன்னார். 1977-ல் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி, பரம்பரைக் கூறுகளுக்கே இதில் பெரும் பங்கு உண்டென்று காட்டியது.

"வாதி, பிரதிவாதி இருவரும் நீயாக இருக்கிறாய், அம்மா. அந்த வழக்கைத் தள்ளிவிடு" என்றார் வக்கீல். "காரணத்தைக் கேட்காத சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்."

அவர் சொன்னது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் ஆட்டிஸமும் ஒன்று. சான்றிதழ் தருவதற்காகக் குழந்தையைப் பரீட்சிக்கும் இந்திய அளவுகோலில் 40 அம்சங்கள் உண்டு. அவை எல்லாம் எவ்வளவு என்று கேட்பவை. ஏன் என்றோ, யாரால் என்றோ கேட்பதில்லை. குறைபாடு நூற்றுக்கு 40 அல்லது அதற்கு மேலிருந்தால், 6 முதல் 18 வயது வரை அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ, விருப்பமான தனிப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. யார் மேல் பழி என்று தீராமலே குழந்தைக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடுகிறது.

உபாத்தியாயர் என்ற முறையில் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒரு வயதாகியும் குழந்தை தன் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டவில்லை, வந்த பேச்சு நின்றது என்றால், 'ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்' என்று காத்திராதீர்கள். எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும், முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனத்திலும் பார்க்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் மற்றப் பயிற்சிகளும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ, அவ்வளவு நல்லது.

அவர்கள் புறப்படும்போது அந்தப் பெண் கைப்பையிலிருந்து சின்னவளின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டாள். வாசலில் எங்கள் செருப்புகள் ஒரு ஜோடிகூடத் தவறாமல் வரிசையாக இருந்தன. தினமும் இருட்டில் தடவித் தேடுகிறவர்கள், அன்று தேடாமலே போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.