தெய்வச் செயலும் இன்ஷூரன்ஸ் பணமும்

வெள்ளம் வந்தால் தெய்வச் செயல், பூமி அதிர்ந்தால் தெய்வச் செயல், காற்றடித்துக் கூரை பறந்தால் அதுவும் தெய்வச் செயல் என்று சொல்லித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவது நம் மக்களுக்கு நெடுநாளைய வழக்கமாய்ப் போய்விட்டது. இப்படிச் சொல்வதனால் தெய்வத்துக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சொல்லுகிறவனுக்கு மாத்திரம் ரொக்கமாக நஷ்டம் உண்டு என்பதை இங்கே கணக்கோடு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது தாமிரவருணிக் கரையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏரல் கடைவீதியில் ஆறு புகுந்து, வியாபாரிகள் அடுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் சேற்றோடு சேறாயிற்று. ஆற்றுப் பாலமும் சேதமாகிப் போக்குவரத்து அறுந்தது. தண்ணீர் வடிந்ததும் எங்கும் கேட்ட பேச்சு, "எல்லாம் அவன் செயல்" என்பதுதான்.

அவன் செயலானால் நஷ்டத்தையும் அவனிடமே கேட்கலாம் அல்லவா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நமது ஆற்றங்கரைச் சேர்மன் கோயிலில் திரளுகின்ற ஜனங்கள் உண்டியலில் போடுகின்ற பணத்துக்கு ரசீது உண்டா? இன்ன ஆபத்து வந்தால் இன்ன தொகை தருவோம் என்று எழுத்து உண்டா? தராவிட்டால் வழக்காட இடமுண்டா? ஒன்றும் கிடையாது. அதே கடைக்காரர் இன்ஷூரன்சுக்குக் கட்டுகின்ற பிரீமியத்துக்கோ ரசீது உண்டு, ஒப்பந்தம் உண்டு, கோர்ட்டும் உண்டு. அப்படியிருந்தும் உண்டியலை நம்புகின்ற அளவுக்குக்கூடப் பாலிசியை எடுத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? சரக்கின் பேரில் கடன் கொடுத்த பாங்கியே பிரீமியத்தைக் கணக்கில் பிடித்துக்கொண்டு, பாலிசியையும் தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள, தமக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதையே அறியாத வியாபாரிகளும் நாட்டில் உண்டு.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-இல் பீகாரில் பூகம்பம் நேர்ந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். சில நாட்களுக்குள் இதே திருநெல்வேலிச் சீமைக்கு வந்த தோழர் காந்தியார், அது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று பேசினார். கவி தாகூரே அதை மறுத்து எழுத நேர்ந்தது. தீண்டாமை கொடுமைதான், வேரோடு ஒழிய வேண்டியதுதான். ஆனால் கொடுமை செய்தவன் வீட்டையும் கொடுமைக்கு ஆளானவன் குடிசையையும் ஒருங்கே சாய்த்தது என்ன தண்டனை என்று கேட்கின்றோம். இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து இமயமலையின் அடியை நெருக்குவதால் அங்கே பூமி அதிர்கின்றது. அதைத் தண்டனை என்று நம்பினவன் சுவரைப் பலமாகக் கட்டுவானா? வீட்டை இன்ஷூர் செய்வானா?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1906-ஆம் வருஷம் ஏப்ரல் 18-இல் பூகம்பமும், அதை ஒட்டிப் பெரும் தீயும் நேர்ந்தன. பாலிசிகள் பெரும்பாலும் தீக்கு மாத்திரமே ஈடு சொல்லின. வீடு முதலில் இடிந்தது, பிறகுதான் எரிந்தது, ஆகையால் பணமில்லை என்று சில கம்பெனிகள் வாதித்தன. சில முழுத் தொகையும் கொடுத்தன, சில குறைத்துக் கொடுத்தன, சில திவாலாயின. அங்கே வழக்குக்கு வேண்டியிருந்தது கடவுளின் சித்தம் அன்று. முதலில் வந்தது இடிவா, தீயா என்ற ஒரே கேள்விதான்.

இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது; நாகப்பட்டினத்திலும் குமரியிலும் அது தண்ணீராய் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. அக்காலத்துத் தீ பாலிசியில் வெள்ளத்துக்கு ஈடு உண்டு. ஆனால் பூகம்பத்தினால் வரும் வெள்ளத்துக்கு இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. பூகம்பத்துக்கென்று தனிப் பிரீமியம் கட்டினவனுக்கே அந்த விலக்கு நீங்கும். தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தால் வெள்ளம், அதிர்ந்த கடலிலிருந்து வந்தால் வெள்ளமில்லை! இந்த ஒரு வரியைப் படித்து வைத்திருந்த கடற்கரைவாசிகள் எத்தனை பேர்?

அதே பாலிசியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மின்னல், புயல், வெள்ளம், மண்சரிவு முதலியவற்றை "ஆக்ட் ஆப் காட்" ஆபத்துகள், அதாவது தெய்வச் செயல்கள், என்று பெயரிட்டு, அவற்றால் வரும் ஒவ்வொரு கிளெய்மிலும் நூற்றுக்கு ஐந்து, குறைந்தது 10,000 ரூபாய், பாலிசிக்காரன் தலையிலேயே கட்டியிருந்தார்கள். கோயிலில் காணிக்கை கொடுத்தது போதாதென்று இன்ஷூரன்சிலும் தெய்வத்தின் பேரால் பிடித்தம்!

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சிறிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் புதுப் பாலிசிகள் வந்திருக்கின்றன. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா; ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழிலுக்கும் கடைக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. பூகம்பம், சுனாமி, வெள்ளம் மூன்றும் இவற்றில் அடக்கம். இது நல்ல மாறுதலே. ஆனால் பெயரே நம்மவர் வாயில் நுழையாத வடமொழி. உள்ளே இருப்பதோ இங்கிலீஷ். புரோகிதன் புரியாத பாஷையில் மந்திரம் சொல்ல நாம் தலையாட்டினோம். ஏஜெண்டு புரியாத பாஷையில் காகிதம் நீட்ட அதற்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகின்றோம். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

நஷ்டம் வந்த பிறகு தகராறு கிளம்புவது பெரும்பாலும் சில இடங்களில்தான். முதலாவது, தொகையைக் குறைத்து எழுதுவது. பத்து லட்சம் சரக்கை ஐந்து லட்சத்துக்கு இன்ஷூர் செய்தவனுக்கு நாலு லட்சம் நஷ்டம் வந்தால் கிடைப்பது ரண்டு லட்சமே. பாதிக்கு இன்ஷூர் செய்தவனுக்குப் பாதி நஷ்டம் என்பது கணக்கு. சிறு தொழில் பாலிசியில் நூற்றுக்குப் பதினைந்து வரையுள்ள குறைவைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேற்பட்டால் வெட்டுத்தான். வீட்டுப் பாலிசியில் இந்த வெட்டு இல்லை. இரண்டாவது, விலாசம். பாலிசியில் கடைவீதிக் கடை இருக்கும். சரக்கு நனைந்தது பின்தெருக் கிட்டங்கியாக இருக்கும். எழுதாத இடத்துக்கு ஈடு இல்லை என்பார்கள். மூன்றாவது, சர்வேயர் போடுகின்ற மதிப்பு. கணக்குப் புத்தகமும் பில்லும் வெள்ளத்தோடு போய்விட்டால், அவர் எழுதினதே விதி என்று நம்மவர் அடங்கிவிடுகின்றார்கள்.

அது விதியல்ல. சர்வேயர் அறிக்கை கடைசித் தீர்ப்பாகாது, ஆதாரமிருந்தால் தள்ளிவிடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 2009-இல் தீர்ப்பளித்திருக்கின்றது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முழுத் திருப்தி என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் மருண்டு போக வேண்டாம். அதில் கையெழுத்திட்டதனாலேயே மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் சுற்றறிக்கை விட்டது. ஆனாலும் ஆட்சேபணையை அன்றைக்கே எழுத்தில் கொடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். கம்பெனி மறுத்தால், வீட்டுக்காரரும் தனி முதலாளியாய்க் கடை வைத்திருப்பவரும் ஒரு வருஷத்துக்குள் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஜில்லா நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருஷ வாய்தா உண்டு. வாய்தா தப்பினால் அதற்குப் பரிகாரம் எந்தக் கோயிலிலும் கிடையாது.

இன்ஷூரன்ஸ் என்பது வேறொன்றுமில்லை. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவர்களில் இடறி விழுந்த பத்துப் பேரைத் தூக்கி நிறுத்துகின்ற மனித ஏற்பாடு. பாவ புண்ணியத்தையும் ஜாதகத்தையும் தள்ளிவிட்டு, எத்தனை வருஷத்துக்கு எத்தனை தரம் ஆறு பெருகும் என்று எண்ணிப் பார்த்தவன் கண்டுபிடித்தது. அந்த ஏற்பாட்டில் நாம் போட்ட பணம் நமது உரிமை. கம்பெனி தருகின்ற தர்மமல்ல.

ஆகவே தோழர்களே! அடுத்த மழைக்கு முன் பாங்கிக்குப் போய் உங்கள் பாலிசி நகலைக் கேளுங்கள். தொகை சரியா, விலாசம் சரியா, வெள்ளமும் பூகம்பமும் உண்டா என்று பாருங்கள். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாதவனிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கையும் பில்லையும் படமெடுத்து வெளியூரிலுள்ள உறவினர் ஒருவரிடம் அனுப்பி வையுங்கள். கிராமத்துக்கு ஒருவராவது இதைக் கற்று மற்றவர்களுக்குப் படித்துச் சொல்ல முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.