நேரம் தவறலாமா குப்பை வண்டி?

மூன்றாகப் பிரிந்துகிடந்த தில்லி மாநகராட்சியை 2022-ல் நாடாளுமன்றம் ஒன்றாக்கியது. 250 வார்டுகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆனால், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்ற எளிய கேள்விக்கு விடை சொல்ல, மாநகராட்சியை ஒன்றாக்கினால் மட்டும் போதாது.

இது அற்ப விஷயமல்ல. காலை 7 மணிக்கே அனைவரும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டுக்கு, 10 மணிக்கு வரும் வண்டியால் பயனில்லை. பிரித்துவைத்த குப்பை தெருமுனைக்குப் போகிறது. மாடும் நாயும் கிளற, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் மீண்டும் ஒன்றாகின்றன. அப்படிக் கலந்த குப்பை குவிந்து உருவானதுதான் காஜிப்பூர் குப்பை மலை. 2017 செப்டம்பரில் அது சரிந்து இருவர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது.

சட்டம் இதை உணராமலில்லை. முன்கூட்டியே அறிவித்த நேரத்தில் மணியடித்தோ, இசை ஒலித்தோ வண்டி வருவதை 2000-ம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளே ஒரு வழிமுறையாகக் குறிப்பிட்டன. பின்னர் வந்த 2016 விதிகள், குப்பையைத் தரம்பிரித்துத் தரும் கடமையைக் குடிமக்கள் மீது சுமத்தின. கட்டணத்துக்கும் அபராதத்துக்கும் வழிசெய்தன. குடிமக்களுக்குக் கடமை உண்டென்றால், நேரம் தவறாமல் வரும் கடமை மாநகராட்சிக்கும் இருக்க வேண்டாமா?

நேரத்தை நிர்ணயிப்பதில் சிக்கல்கள் உண்டு. விடியும் முன் வந்தால் உறக்கம் கெடும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன ஒலி மாசு விதிகள். தாமதமாக வந்தால் போக்குவரத்து நெரிசல். கடைவீதிகளுக்கு, கடை அடைத்த பின்னர் வருவதே ஏற்றது. ஆனால் இருட்டில் பணிபுரியும் துப்புரவுத் தொழிலாளர்களின் பாதுகாப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனவே, ஊர் முழுமைக்கும் ஒரே நேரம் பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளின் பணியாக வகுத்தது. 3 லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கவும் சொன்னது. குடியிருப்போரையும் தொழிலாளர்களையும் கலந்துபேசி அந்தக் குழுக்களே நேரத்தை முடிவு செய்யட்டும்.

முடிவான நேரம் ஒவ்வொரு தெருவிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். வண்டி வராத நாளுக்கு ஒப்பந்ததாரரின் தொகை பிடிக்கப்பட வேண்டும். தான் சொன்ன நேரத்தைக் காப்பாற்றிய பிறகே, குடிமக்களிடம் அபராதம் கேட்கும் தகுதி மாநகராட்சிக்கு வரும்.