பேக்கப் இருந்தும் ஏன் எல்லாம் ஒரே நேரத்தில் விழுகிறது? பெட்டிமுடி சொல்லும் பாடம்

2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தே முக்கால் மணி வாக்கில் இடுக்கி மாவட்டம் ராஜமலை அருகே உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மண் மூடியது. 66 உடல்கள் மீட்கப்பட்டன. 4 பேர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆனால் வெளியுலகுக்கு இது தெரிந்தது மறுநாள் காலையில்தான். மின்சாரம் இல்லை, டவர் வேலை செய்யவில்லை, யாருக்கும் போன் போகவில்லை. ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பதைத்தான் நெட்வொர்க் உலகில் 'ரிடண்டன்சி' என்கிறார்கள். அதை உங்கள் ஆபீஸிலேயே பார்க்கலாம்.

ஸ்விட்ச் ஸ்டாக் எப்படி வேலை செய்கிறது?

உங்கள் லேப்டாப், வைஃபை எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது ஸ்விட்ச் என்ற பெட்டியில். நான்கைந்து ஸ்விட்சுகளைத் தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்தால், அவை ஒரே பெட்டி போல இயங்கும். அதுதான் ஸ்டாக். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்டேண்ட்பை. மாஸ்டர் செத்தால் ஸ்டேண்ட்பை பொறுப்பேற்கும், இதுதான் ஃபெயில்ஓவர். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தால் டேட்டா மறுபக்கமாகச் சுற்றிப் போகும். இரண்டு அறுந்தால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்துவிடும்.

அப்புறம் எங்கே சிக்கல்?

எல்லா ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால்? சர்வரின் இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சுக்குப் போனால்? எண்ணிக்கையில் இரண்டு, ஆபத்தில் ஒன்றுதான்.

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்தது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், இன்ஜினியர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

மலையில் நடந்தது என்ன?

இதே கணக்குதான். ரோடு, கரண்ட், டவர் என மூன்று இருந்தன. மூன்றையும் சாய்க்க ஒரே மழை போதுமானதாக இருந்தது. பெரியவரை பாலம் 2018 வெள்ளத்திலேயே சேதமடைந்தது. அதற்குப் பதிலாகப் போட்ட தற்காலிகப் பாலத்தையும் 2020 மழை கொண்டுபோனது. டவருக்கு ஜெனரேட்டர் வைத்தாலும், டீசல் வர ரோடு வேண்டுமே!

புயல் காலத்தில் ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்தால், இன்னொரு நிறுவனத்தின் சிக்னலைப் பிடிக்க வைக்கும் ஏற்பாடு இப்போது இந்தியாவில் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த இன்னொரு டவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். டவரையே நம்பாத சாட்டிலைட் போனும் ஹாம் ரேடியோவும்தான் இங்கே உண்மையான இரண்டாவது வழி. 2018 கேரள வெள்ளத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் கைகொடுத்தது நினைவிருக்கலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

• இரண்டும் ஒரே காரணத்தால் விழுமா?
• விழுந்தது நமக்கு எப்படித் தெரியும்?
• கடைசியாக எப்போது வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிச் சோதித்தோம்?

ஆபீஸில் இதற்குப் பதில் இல்லையென்றால் ஒரு நாள் வேலை போகும். மலையில் பதில் இல்லாததால், மண்ணுக்கடியில் இருந்தவர்களைத் தேட ஆட்கள் வரவே ஒரு இரவு போனது. ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் லயங்களுக்காக இந்த மூன்றையும் யாராவது கேட்டாக வேண்டும்.